நீல லைட்டுக்கு அடியில் ஒரு குறைமாதக் குழந்தை: எஸ்.என்.சி.யு.வுக்குப் புதிதாய் வரும் நர்ஸுகளுக்கு

எஸ்.என்.சி.யு. எனும் பச்சிளங்குழந்தைச் சிறப்புப் பிரிவில் புதிதாய் வேலைக்குச் சேரும் பிள்ளைகளை முதல் நாளே ஒரு வேலைக்கு அனுப்புவேன். “மூணாவது பெட்ல லைட் வேலை செய்யுதா, பாத்துட்டு வாம்மா.” போய் எட்டிப் பார்த்துவிட்டு உடனே திரும்பி வருவார்கள். “எரியுதுக்கா.” எரிவதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தாயிற்று. வேலை செய்கிறதா என்றுதான் கேட்டேன்.

இந்தக் கேள்வி எனக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கடலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்த புதிதில் 31 வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை இருந்தது. எடை 1,300 கிராம். மஞ்சள் காமாலைக்காக ஒரு முழு நாள் நீல லைட்டில் கிடந்தும், உடம்பை மஞ்சளாக்கும் பிலிரூபின் 11-லிருந்து 10.6-க்குத்தான் இறங்கியது. “இன்னொரு லைட் சேத்துப் போடுங்க” என்றார் டாக்டர். இன்னொன்று காலியாக இல்லை. வேறு வேலையாக வந்திருந்த, மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பயோமெடிக்கல் தம்பியின் பையில் ஒளியின் பலத்தை அளக்கும் ஃப்ளக்ஸ் மீட்டர் இருந்தது. குழந்தையின் தொப்புளுக்கு மேல் அதைப் பிடித்தார். 6 என்று காட்டியது. சாதாரண ஒளி சிகிச்சைக்கே (ஃபோட்டோதெரபி) 8 முதல் 10 வேண்டும்.

பிறகு குனிந்து விளக்கைப் பார்த்தோம். ஆறு குழல்களில் இரண்டு வெள்ளை. ஃபியூஸ் போனபோது எலக்ட்ரீஷியன் கைக்குக் கிடைத்ததை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அடியில் இருந்த பிளாஸ்டிக் தகட்டில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. நடமாடும்போது தலையில் இடிக்கிறது என்று யாரோ விளக்கை ஒரு முழம் மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். துடைத்தோம், இறக்கினோம், ஸ்டோரிலிருந்து சரியான நீலக் குழல் இரண்டு வாங்கி மாட்டினோம். மீட்டர் 22 காட்டியது. மறுநாள் காலை பிலிரூபின் 8. அந்த ஒரு நாள் முழுக்க அந்தக் குழந்தை நீல நிறத்தில் சும்மா படுத்திருந்திருக்கிறது. ஊசி குத்தினோம், கண்ணைக் கட்டினோம், அம்மாவிடமிருந்து பிரித்து வைத்தோம். மருந்து மட்டும் போய்ச் சேரவில்லை.

ஆமாம், மருந்து என்றுதான் சொல்கிறேன். கேஸ் ஷீட்டில் ‘ஃபோட்டோதெரபி கொடுக்கவும்’ என்று மட்டும் எழுதுவது, ‘ஆன்டிபயாடிக் கொடுக்கவும்’ என்று எழுதுவது போலத்தான். எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பதை அந்த டியூட்டியில் நிற்கும் நீங்கள்தான் நிர்ணயிக்கிறீர்கள்.

லைட் உள்ளே என்ன செய்கிறது

பழைய ரத்த அணுக்கள் உடையும்போது வரும் மஞ்சள் கழிவு பிலிரூபின். தண்ணீரில் கரையாது. ஈரல் அதைக் கரையும்படி மாற்றி பித்தத்தில் தள்ளவேண்டும். குறைமாதக் குழந்தையின் ஈரல் இன்னும் அந்த வேலைக்குத் தயாராகவில்லை. நீல ஒளி தோலில் விழும்போது அங்கேயுள்ள பிலிரூபினின் வடிவம் திருகி மாறுகிறது. மாறிய வடிவம் ஈரலின் உதவியில்லாமலே பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறும். இதற்கு ஏற்ற ஒளி 460 முதல் 490 நானோமீட்டர் வரையுள்ள நீலம். புறஊதா இல்லை, எக்ஸ்ரே இல்லை, வெறும் கண்ணுக்குத் தெரியும் நீல வெளிச்சம். உறவினர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

இதைக் கண்டுபிடித்தது ஒரு நர்ஸ் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. 1956-இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் வார்டைப் பார்த்துக்கொண்டவர் சிஸ்டர் ஜீன் வார்ட். நல்ல வெயில் நாளில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் காற்றாட வைப்பார். ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, முக்கோணமாக ஓரிடம் மட்டும் மஞ்சளாக இருந்தது. ஏதாவது மருந்து தடவினீர்களா என்று கேட்டார்களாம். போர்வையின் முனை மூடியிருந்த இடம் அது. மற்ற இடமெல்லாம் வெயில் பட்டு வெளுத்திருந்தது. கொஞ்ச நாள் கழித்து, ஜன்னலோரம் வெயிலில் விட்டுப்போன ரத்தக் குழாயில் பிலிரூபின் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. கிரெமர் என்ற டாக்டரும் உடன் இருந்தவர்களும் விளக்கு ஒன்றைச் செய்து பார்த்து 1958-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். அந்த முக்கோணத்தை மறக்காதீர்கள். கீழே சொல்லப்போகும் பாதி விஷயம் அதற்குள் இருக்கிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

குழந்தை கையில் வந்ததும் நான்கு விவரம் கேளுங்கள்: எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்து எத்தனை மணி நேரம் ஆகிறது, எடை என்ன, தாயின் ரத்த குரூப் என்ன. ‘ரெண்டு நாள் குழந்தை’ என்று எழுதாதீர்கள். 38 மணி நேரமா 60 மணி நேரமா என்று எழுதுங்கள். பிலிரூபின் மணிக்கு மணி ஏறுகிற சாமான். தாய்க்கு ஓ குரூப் அல்லது நெகட்டிவ் குரூப் என்றால் காது கூர்மையாக இருக்கட்டும். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது எந்தக் குழந்தைக்கும் இயல்பான மஞ்சள் இல்லை. டாக்டரை உடனே கூப்பிடவேண்டும், அடுத்த ரவுண்ட்ஸ் வரை பொறுக்கக்கூடாது.

கண்ணால் பார்த்தே மஞ்சளின் அளவைச் சொல்லும் திறமை தங்களுக்கு உண்டு என்று சீனியர்கள் சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். நம் ஊர்க் குழந்தைகளின் நிறத்தில், டியூப் லைட் வெளிச்சத்தில், அதுவும் பக்கத்து பெட்டின் நீல ஒளி சிதறும் அறையில், கண் ஏமாற்றும். ரத்தப் பரிசோதனைதான் கணக்கு.

எந்த அளவில் லைட் ஆரம்பிப்பது என்பது டாக்டர் முடிவு. ஆனால் அந்த எண் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 35 வாரத்துக்குக் கீழே பிறந்தவர்களுக்கு உலகளவில் பலர் பின்பற்றும் நிபுணர் பரிந்துரை இப்படிப் போகும்: 28 வாரத்துக்குக் கீழே என்றால் 5–6 மில்லிகிராமிலேயே லைட். 28, 29 வாரத்துக்கு 6–8. 30, 31-க்கு 8–10. 32, 33-க்கு 10–12. 34-க்கு 12–14. நிறைமாதக் குழந்தைக்கு இந்த எண்களில் பலவற்றை யாரும் கண்டுகொள்ளவே மாட்டார்கள். குறைமாதத்தில் பிலிரூபினைப் பிடித்து வைக்கும் ஆல்புமின் குறைவு, மூளைக்குப் போகும் வழியில் காவலும் குறைவு. அதனால்தான் கோடு இவ்வளவு கீழே இருக்கிறது. உங்கள் யூனிட்டின் அட்டவணை இதிலிருந்து கொஞ்சம் மாறலாம். எதுவானாலும் அதை பெட்டின் மேலே ஒட்டி வையுங்கள். ரத்தத்தை மாற்றும் அளவு (குழந்தையின் ரத்தத்தை எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றவேண்டிய நிலை) எங்கே தொடங்குகிறது என்ற எண்ணையும் அதே தாளில் எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்கு ரிப்போர்ட் வரும்போது ஃபைல் தேடிக்கொண்டிருக்க முடியாது.

விளக்கைத் தயார் செய்தல்

என் அனுபவத்தில் பாதிக்குமேல் தவறு நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விளக்கு எந்த வகை என்று பாருங்கள். இப்போது பெரும்பாலும் எல்.இ.டி. ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கும், சூடும் குறைவு. சில இடங்களில் இன்னும் சி.எஃப்.எல் குழல்கள் இருக்கின்றன. அவை கண்ணுக்கு ஒரே மாதிரி எரிந்துகொண்டே உள்ளுக்குள் வலுவிழக்கும். ஆயிரம், இரண்டாயிரம் மணி நேரத்தில் மாற்றவேண்டி வரும். மெஷினில் மணி காட்டும் மீட்டர் இருந்தால் படித்து எழுதுங்கள். இல்லையென்றால் குழல் மாட்டிய தேதியை பிளாஸ்டரில் எழுதி ஸ்டாண்டில் ஒட்டுங்கள். கடையில் விற்கும் அலங்கார நீல பல்பு இதற்கு ஆகாது. நீலமாகத் தெரிவதெல்லாம் நமக்கு வேண்டிய நீலம் ஆகிவிடாது.

அடுத்தது துடைப்பது. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறியபின், உலர்ந்த துணியிலோ லேசாக நனைத்த துணியிலோ அடித் தகட்டைத் துடையுங்கள். கடலூர், புதுச்சேரியில் கடல் காற்று எதையும் விடாது. தேவனாம்பட்டினத்துப் பக்கம் ஜன்னல் கம்பி துரு ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உப்பும் தூசியும் சேர்ந்து தகட்டில் ஒரு பிசுக்குப் படலம் கட்டும். வாரம் ஒருமுறையும், ஒவ்வொரு குழந்தைக்குப் பிறகும் துடைத்தால் போதும். காற்றுப் போகும் ஓட்டைகளையும் சேர்த்துப் பாருங்கள்.

பிறகு தூரம். விளக்கு கிட்டே வர வர ஒளியின் பலம் கூடும். எல்.இ.டி.யையும் குழல் விளக்கையும் கம்பெனி சொல்லும் மிகக் குறைந்த தூரம் வரை இறக்கலாம். பழைய ஹாலோஜன் விளக்கை மட்டும் இறக்காதீர்கள், தோல் வெந்துவிடும். எங்கள் வார்டில் நாங்கள் செய்தது சின்ன வேலை: ஸ்டாண்டில் ஒரு நூலைக் கட்டி, மெஷின் புத்தகத்தில் போட்டிருந்த தூரத்தில் முடிச்சுப் போட்டுவிட்டோம். எக்ஸ்ரே எடுக்க விளக்கை நகர்த்துவார்கள், மாப் போட வருகிற அம்மா நகர்த்துவார், திரும்ப வைக்கும்போது யாருக்கும் அளவு நினைவிருக்காது. நூலைத் தொங்கவிட்டு, முடிச்சு குழந்தையின் வயிற்று மட்டத்துக்கு வரும்வரை இறக்கவேண்டியதுதான். வைத்ததும் நூலைச் சுற்றி மேலே செருகிவிடுங்கள், குழந்தைமேல் தொங்கக்கூடாது.

வார்மரில், அதாவது மேலிருந்து சூடு தரும் படுக்கையில் இருக்கும் குழந்தை என்றால் ஒரு சிக்கல் உண்டு. வார்மரின் ஹீட்டருக்கு நேர் கீழே லைட்டை நுழைத்தால் சூடு மறைபட்டு குழந்தை குளிர்ந்துபோகும். பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். இன்குபேட்டர் என்றால் கூரைக்கும் விளக்குக்கும் நடுவே நான்கு விரல் இடமாவது காற்றுக்கு விடுங்கள்.

கடைசியாக மீட்டர். குழந்தை படுத்திருக்கும் மட்டத்தில், தலை, தொப்புள், முட்டி என்று மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். நடுவில் நன்றாக இருந்து ஓரத்தில் பாதியாக விழுவது சகஜம். தீவிர ஒளி சிகிச்சை என்று டாக்டர் சொன்னால் 30 மைக்ரோவாட்டுக்கு மேல் வேண்டும் (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு நானோமீட்டருக்கு என்பது முழு அளவை, வார்டில் யாரும் அவ்வளவு நீட்டிச் சொல்வதில்லை). ஒவ்வொரு கம்பெனி மீட்டரும் ஒவ்வொரு விதமாகக் காட்டும், அதனால் ஒரே மீட்டரையே எப்போதும் பயன்படுத்துங்கள். மீட்டர் இல்லாத இடம் என்றால் கேட்டுக்கொண்டே இருங்கள். ஒரு மாவட்டத்துக்கு ஒன்று இருந்தாலும் மாதம் ஒருமுறை கொண்டுவரச் சொல்லி அளக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பலம் கூடினால் நல்லதுதானே என்று 1,000 கிராமுக்குக் கீழே உள்ள பொடிசுகளுக்கு நீங்களாக விளக்கை இறக்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் அந்த எடையில் பிறந்த 1,974 குழந்தைகளை வைத்துச் செய்து 2008-இல் வெளிவந்த ஆய்வில், சீக்கிரமும் தாராளமும் லைட் கொடுத்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் வளர்ச்சிக் குறைபாடு குறைவாக இருந்தது. ஆனால் 750 கிராமுக்கும் கீழே இருந்தவர்களில் இறப்பு கூடியிருக்குமோ என்ற சந்தேகத்தையும் அது எழுப்பியது. அதனால் இந்தப் பிள்ளைகளுக்குக் குறைந்த பலத்தில் ஆரம்பித்து, தேவைப்பட்டால் ஏற்றுவார்கள். எந்த அளவில் என்பதை டாக்டரிடம் எண்ணாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குழந்தையைத் தயார் செய்தல்

ஜீன் வார்ட் காட்டிய முக்கோணத்துக்கு வருவோம். மூடிய இடத்தில் சிகிச்சை இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் வார்டைச் சுற்றிப் பாருங்கள். குல்லா, சாக்ஸ், கையுறை, மார்பில் மூன்று லீடு பிளாஸ்டர், ட்ரிப் போட்ட கையில் தடி கட்டிய கட்டு. எல்லாவற்றுக்கும் மேலே டயப்பர்! கடையில் இருப்பதிலேயே சின்ன டயப்பரை 1,200 கிராம் குழந்தைக்குக் கட்டிப் பாருங்கள், மார்க்காம்பிலிருந்து முட்டிவரை வந்துவிடும். அந்தக் குழந்தைக்கு வெளியே தெரிவது முகமும் கையும் பாதமும்தான், முகத்திலும் கண்ணைக் கட்டிவிட்டோம். டயப்பரை வெட்டிச் சின்னதாக்குங்கள், அல்லது மெல்லிய துணியைக் கோவணம் போல மடித்துக் கட்டுங்கள். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், வேலை கூடும், ஆனாலும் அதுதான் சரி.

குறைமாதக் குழந்தைக்கு அணைப்பாகச் சுற்றிலும் துணி சுருட்டி வைப்போம் இல்லையா, அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. உயரத்தைக் குறையுங்கள், விலாப்பக்கம் ஒளி படட்டும்.

கண் கட்டு கட்டாயம். இமையை மூடிவிட்டுத்தான் வைக்கவேண்டும், இறுக்கக்கூடாது. இதில் பயப்பட வேண்டியது கண்ணைப் பற்றி இல்லை, மூக்கைப் பற்றி. பெரிய கட்டு நழுவி இறங்கி மூக்கை அடைத்தால் அந்தக் குழந்தைக்குத் தள்ளிவிடத் தெம்பு கிடையாது. ஒவ்வொரு முறை பக்கத்தில் போகும்போதும் முதலில் மூக்கைப் பாருங்கள். பால் கொடுக்கும்போது கட்டைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, பீளை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அரை மணி நேரம் அம்மா முகத்தைக் குழந்தை பார்க்கட்டும்.

எண்ணெய், லோஷன் எதுவும் தடவாதீர்கள். உடம்புச் சூடு பார்க்கத் தோலில் ஒட்டும் வார்மர் புரோப்மேல் பளபளப்பான மூடி ஒட்டுங்கள். ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் புரோப்மேல் துணி சுற்றுங்கள், நீல ஒளி பட்டால் தப்பாகக் காட்டும்.

வெள்ளைத் துணி

செலவில்லாமல் பலன் தருவது இது. விளக்கின் ஒளி நாலாபுறமும் சிதறி வீணாகிறது. ஸ்டாண்டின் மூன்று பக்கமும் சுத்தமான வெள்ளைத் துணி தொங்கவிட்டால் அது திரும்பக் குழந்தைமேல் விழும். ஆய்வுகளிலும் பலன் காட்டிய முறைதான். பக்கத்து பெட் குழந்தைக்கும் நம் தலைவலிக்கும்கூட நல்லது. நான்காவது பக்கம் திறந்தே இருக்கட்டும், அந்தப் பக்கம் நாம் நிற்கிற பக்கமாக இருக்கட்டும். வார்மரின் ஹீட்டருக்குப் பக்கத்தில் துணி போகவே கூடாது. விளக்கின் மேல் ஓட்டைகளை மூடக்கூடாது. துணி கட்டிய அரை மணி நேரத்தில் உடம்புச் சூட்டை மறுபடி பாருங்கள்.

இன்னும் வேண்டுமென்றால் கீழிருந்து ஒளி தரும் பேடு ஒன்றைச் சேர்க்கலாம். மேலும் கீழும் ஒளி விழுந்தால் தோலின் பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. குழந்தையைத் திருப்பித் திருப்பிப் போடுவதால் பெரிய பலன் இல்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன, அதற்காக மெனக்கெட வேண்டாம். ஒரே விளக்கின் கீழ் இரண்டு குழந்தைகளைப் போடுவது மட்டும் கூடாது. கூட்டம் அதிகமான நாளில் மனசு அப்படித்தான் போகும். இரண்டு பேருக்கும் ஓரத்து ஒளிதான் கிடைக்கும்.

மணிக்கணக்கு

ஷீட்டில் ‘தொடர்ந்து லைட்’ என்றிருக்கும். ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால், நாளைக்கு எட்டுத் தடவை. அம்மா வந்து, கை கழுவி, பால் பிழிந்து, பாலாடையில் ஊட்டி, ஏப்பம் விட்டுத் திரும்ப வைக்க 40 நிமிடம். அதுவே 5 மணி 20 நிமிடம். ரவுண்ட்ஸ், ரத்தம் எடுப்பது, எடை, துணி மாற்றுவது எல்லாம் சேர்த்து இன்னும் இரண்டு மணி. 17 மணி நேரம்கூடத் தேறவில்லை. ஆகவே விளக்கு எப்போது அணைந்தது, எப்போது எரிந்தது என்று எழுதுங்கள். பாலைப் பிழிந்து தயாராக வைத்துக்கொண்டு குழந்தையை எடுங்கள். ரத்தம் எடுப்பது, எடை பார்ப்பது, துணி மாற்றுவது மூன்றையும் பால் நேரத்தோடு சேர்த்து முடியுங்கள்.

இதைப் படித்துவிட்டு அம்மாவை உள்ளே விடாமல் இருந்துவிடாதீர்கள். பிலிரூபின் ஆபத்துக் கோட்டுக்கு நன்றாகக் கீழே இருந்தால் பாலுக்கும், டாக்டர் சரி என்றால் கங்காரு அணைப்புக்கும் (அம்மாவின் வெறும் மார்போடு சேர்த்து வைப்பது) எடுக்கலாம், எடுக்கவேண்டும். பால் உள்ளே போனால்தான் மலம் போகும், மலத்தோடுதான் மஞ்சள் போகும். ரத்தம் மாற்றும் அளவை நெருங்கிவிட்டால்தான் ஒரு நிமிடமும் அணைக்காமல் விளக்கின் கீழேயே வைத்துப் பார்ப்போம்.

பார்த்துக்கொண்டே இருப்பவை

உடம்புச் சூடு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. பழைய குழல் விளக்கில் சூடு ஏறும், எல்.இ.டி.யில் ஏ.சி. அறையில் துணியில்லாமல் கிடக்கும் குழந்தை குளிர்ந்துபோகும். இரண்டையும் எதிர்பாருங்கள். எடை தினமும். சிறுநீர் எத்தனை தடவை என்பதை எண்ணுங்கள். விளக்கின் கீழ் தோல் வழியே நீர் அதிகம் போகும், திரவக் கணக்கை டாக்டர் மாற்ற உங்கள் எண்கள்தான் ஆதாரம். மலம் பச்சையாக, தளர்வாகப் போகும். பேதி என்று அம்மாக்கள் பதறுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நீல வெளிச்சத்தில் எல்லாக் குழந்தையும் நீலம்தான். உதடு நிஜமாகவே நீலம் பாய்ந்திருந்தாலும் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் விளக்கை ஒரு கணம் அணைத்து நிறம் பாருங்கள். துவண்டு கிடப்பது, பால் குடிக்க மறுப்பது, கீச்சென்ற அழுகை, முதுகை வில்லாக வளைப்பது, இதில் எதைக் கண்டாலும் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும். குறைமாதத்தில் இவை ஒன்றுமே வராமல் மூச்சு நின்று நின்று வருவது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். தோல் சாம்பல் கலந்த பழுப்பாக மாறினால் அதையும் சொல்லுங்கள், பித்தம் தேங்கும் குழந்தைகளுக்கு அப்படி ஆகும்.

ரத்தம் எடுக்கும்போது விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள், குழாயை அலுமினியத் தாளில் சுற்றி லேபுக்கு அனுப்புங்கள். ஜன்னலோரத்து ரத்தக் குழாய் ஞாபகம் இருக்கிறதல்லவா? வெளிச்சத்தில் கிடந்தால் உங்கள் குழாயிலும் அதே கதைதான், பொய்யான நல்ல செய்தி வரும். தோலில் வைத்துப் பார்க்கும் மீட்டர் லைட்டில் இருக்கும் குழந்தைக்கு நம்பகமில்லை, தோல் முதலில் வெளுத்துவிடும். எவ்வளவு இறங்கும் என்று ஒரு கணக்கு: சாதாரண பலத்தில் முதல் நாளில் 6 முதல் 20 சதவீதம், தீவிர பலத்தில் 30 முதல் 40 சதவீதம். இறங்கவில்லையென்றால் முதலில் விளக்கைச் சந்தேகப்படுங்கள், அடுத்து மணிக்கணக்கை. இரண்டும் சரி என்றால் ரத்தம் உடைவது, தொற்று என்று காரணம் தேடுவது டாக்டர் வேலை.

வெளியே காத்திருப்பவர்கள்

பரங்கிப்பேட்டை பக்கத்திலிருந்து வந்த ஒரு ஆயா, முந்தானையில் கீழாநெல்லி முடிந்து வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். “மஞ்சக்காமாலைக்கு இத அரைச்சுக் குடுத்தா போவுது. இன்னாத்துக்கும்மா புள்ளைய வெளக்குல போட்டு வாட்டுற?” அவரை அதட்டியிருந்தால் இரவில் யாரும் பார்க்காதபோது அது குழந்தையின் வாய்க்குப் போயிருக்கும். உள்ளே கூட்டிவந்து, கையைக் கழுவச் சொல்லி, விளக்கின் கீழே அவர் கையை நீட்டச் சொன்னேன். “சுடுதா ஆயா?” “சுடலியே.” “பெரியவங்க காமால ஈரல் கெட்டு வர்றது. இது ஈரல் இன்னும் பழகாம வர்றது. வேற வேற.” பிறகு டயப்பர் ஓரத்தை விலக்கி, மூடியிருந்த இடம் மஞ்சளாகவும் மற்ற இடம் வெளுத்தும் இருந்ததைக் காட்டினேன். கீழாநெல்லி வராந்தா குப்பைத்தொட்டிக்குப் போனது. மூன்று நாள் அந்தக் குழந்தைக்கு நேரம் தவறாமல் பால் வந்தது ஆயாவின் மேற்பார்வையில்தான்.

சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர், சேனை, கழுதைப்பால் எதுவும் வேண்டாம், தாய்ப்பால் போதும். அம்மாவுக்குப் பத்தியமும் வேண்டாம், நன்றாகச் சாப்பிடட்டும். “காலை இளவெயில்ல காட்டுனா போதாதா?” என்று கேட்பார்கள். குறைமாதக் குழந்தைக்கு வெயில் சூட்டையும் குளிரையும் மாறி மாறிக் கொடுக்கும், அளவும் தெரியாது, புறஊதாவும் சேர்ந்து வரும். லைட் தேவைப்படும் குழந்தைக்கு வெயில் மாற்று ஆகாது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கரண்ட்

பக்கத்திலேயே நெய்வேலி இருக்கிறது என்று பேர்தான். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோதும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கடந்தபோதும் இருட்டில் கிடந்தவர்களுக்குத் தெரியும். ஐப்பசி பிறக்கும் முன்பே எந்த பிளக் யு.பி.எஸ். லைனில் இருக்கிறது, எது இல்லை என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். எல்.இ.டி. விளக்கு கொஞ்சம்தான் கரண்ட் இழுக்கும், அதை யு.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள். ஜெனரேட்டருக்கு மாறியபின் விளக்கு தானாகத் திரும்ப எரியுமா, நாம்தான் பொத்தானை அழுத்தவேண்டுமா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சில மெஷின் தானாக எரியாது. நைட் டியூட்டியில் அது யார் கண்ணிலும் படாமல் ஒரு மணி நேரம் போயிருக்கிறது.

ரத்தம் மாற்றவேண்டிய நிலை வந்து புதுச்சேரி ஜிப்மருக்கோ வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோ அனுப்ப முடிவானால், ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் நிமிடம் வரை விளக்கை அணைக்காதீர்கள். தாயின் ரத்த மாதிரியும் எல்லாப் பிலிரூபின் எண்களும் மணியோடு கூடவே போகவேண்டும்.

நிறுத்துவது

தொடங்கிய அளவுக்குக் கீழே பாதுகாப்பாக இறங்கியதும் டாக்டர் நிறுத்தச் சொல்வார். நிறுத்தியபின் 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடி ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, குறைமாதத்தில் திரும்ப ஏறுவது சகஜம். ‘லைட் எடுத்தாச்சு’ என்றதும் வீட்டுக்குக் கிளம்ப ஆட்டோ பேசிவிடும் அப்பாக்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிலிரூபின் அதிகம் ஏறிய குழந்தைக்குக் காது கேட்கும் பரிசோதனைக்குத் தேதி வாங்கி டிஸ்சார்ஜ் ஷீட்டில் எழுதுங்கள். மூன்று வாரத்துக்கு மேலும் மஞ்சள் இருந்தாலோ, மலம் சுண்ணாம்பு போல வெளுத்துப் போனாலோ உடனே வரச்சொல்லுங்கள்.

குழந்தை போனதும் விளக்கை அணைத்து, துடைத்து, மணிக் கணக்கை நோட்டில் ஏற்றி, வெள்ளைத் துணியைச் சலவைக்குப் போடுங்கள். நூலில் முடிச்சு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த குழந்தையை வையுங்கள்.